திருச்சிக்கும் மதுரைக்கும் அரை மணி நேரம்

நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை அரை மணியில் கடக்கும் வேன் எது? டியூஷனில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேகம், தூரம், நேரம் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். இந்தக் கேள்வி அன்று காலை மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் துபாயிலிருந்து லீவில் வந்த நாள் அது. அவர் போனபோது நான் ஏழு மாதம். மகளுக்கு ஒன்றேகால் வயதாகியும் அவளைப் போனில்தான் பார்த்திருக்கிறார். "வெளிய வந்ததும் பாப்பாதான் மொதல்ல என் கண்ணுல படணும்" என்று ஒரே ஒரு ஆசை சொல்லியிருந்தார்.

அதற்காக, பெரம்பலூரிலிருந்து பாப்பாவோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர், அரியலூரிலிருந்து மாமியார் வீட்டார் ஆறு பேர், ஒரே வேனில் திருச்சி விமான நிலையம் போய் நின்றோம். (ஒருவரை விட்டாலும் அடுத்த கல்யாணம் வரை பேச மாட்டார்கள்.)

ஒரே பனிமூட்டம். அவரிடமிருந்து செய்தி வந்தது: "மதுரையில எறக்கிட்டாங்க. மேல என்னன்னு தெரியல."

இரண்டு விமான நிலையங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினேன். ஏதோ ஒரு பக்கத்தில் தூரத்தைப் போட்டு, கீழே 'பயண நேரம்: அரை மணி' என்று இருந்தது.

"அரை மணி நேரந்தான் அத்தை, நாமளே போயிடலாம்."

"ரெண்டரை மணி நேரம் ஆகுங்க" என்றார் டிரைவர்.

"நெட்ல போட்டிருக்குண்ணே" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அப்ப நெட்டே ஓட்டட்டும்" என்று முணுமுணுத்தபடி ஏறினார்.

கொழுந்தன்தான், "எதுக்கும் ஒருத்தர் இங்க இருக்கட்டும் அண்ணி" என்றான். நல்ல யோசனை. ஆனால் அவர் இங்கேயே வந்துவிட்டால் இருக்கிறவர்தானே முதலில் பார்ப்பார், அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டதாகப் பேர் வந்துவிடக் கூடாதே!

"சம்பந்தி, நீங்க இருங்க."

"அய்யய்யோ, பெத்தவங்க நீங்க இருங்க சம்பந்தி."

இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே என் அம்மாவும் மாமியாரும் வேனில் ஏறிவிட்டார்கள். 'அங்கேயே இருங்க, வர்றோம்' என்று அவருக்கு நான் அனுப்பியது ஒற்றை டிக்கோடு நின்றது.

அரை மணியில் விராலிமலைதான் வந்தது. "மதுரையைத் தள்ளி வச்சுட்டாங்களாம்மா?" என்றார் மாமனார். துவரங்குறிச்சியைத் தாண்டும்போது கணவரே அழைத்தார்.

"பனி வெலகிடுச்சு. திருச்சிக்கே கொண்டாந்து விட்டுட்டாங்க. அரை மணிதான் ஆச்சு. நீங்க எங்க நிக்கிறீங்க?"

நெட்டில் நான் பார்த்த பக்கம் பொய் சொல்லவில்லை. அது பறக்கிறவர்களுக்கான நேரம்.

வேன் திரும்பியது. பாப்பா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். புதுப் பட்டுப்பாவாடை போய், ஜட்டியோடு வந்து சேர்ந்தாள். நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் அவர் பெட்டிகளோடு நின்று எங்கள் எல்லாரையும் வரவேற்றார். மகள் அவரைப் பார்த்த மாத்திரத்தில் வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

சோறு ஆக அரை மணி ஆகும் என்றால், "வேன் கணக்கா, ஏரோப்ளேன் கணக்கா?" என்று மாமனார் இன்னும் கேட்கிறார். அது பழகிவிட்டது.

பழகாதது வேறு. "அப்பா எங்கடா?" என்றால் மகள் இன்னும் போனைத்தான் காட்டுகிறாள். அவர் பக்கத்து அறையிலிருந்து வீடியோ காலில் வந்தால் போனுக்கு முத்தம் கொடுக்கிறாள். கதவைத் திறந்து ஆளாக வந்தால் என் பின்னால் ஒளிகிறாள். லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்ததா? என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். நெட்டில் மட்டும் தேடச் சொல்லாதீர்கள்.