வெள்ளவத்தைக்கு வந்த ட்ராம்

தெரியாத விஷயத்தைத் தெரிந்த விஷயத்தைவிட நன்றாகப் பேசும் வியாதி எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. மருந்தில்லை. ஒரேயொரு தரம் அது என்னைப் பொலிஸ் நிலைய மர வாங்கிலே கொண்டுபோய் இருத்தியது.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் பூமணி அக்கா வீட்டு மேல்மாடியில் அறை எடுத்து, ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். பூமணி அக்கா மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் தன் ஹோலில் வாசகர் கூட்டம் வைப்பார். ஏழெட்டுப் பேர் வந்து பட்டிஸ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த மாதம் பேச ஆள் கிடைக்கவில்லை.

“தம்பி, நீர் எதையாவது பேசுமன்” என்றார்.

பக்கத்தில் அவருடைய தங்கை சாந்தி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எனக்கு வியாதி தொடங்கிவிட்டது.

“எங்கட ரயில் ஸ்டேசன்ரை வரலாறு பேசுறன் அக்கா. ஒரு காலத்திலை ஸ்டேசன் வாசலிலை ட்ராம் வந்து நிண்டது, தெரியுமோ?” (எனக்கே அப்போதுதான் தெரியும்.)

“உண்மையாவோ?” என்றாள் சாந்தி, கண்ணை அகல விரித்து. அந்தக் கண்ணுக்காக நானே தண்டவாளம் போட்டிருப்பேன்.

ட்ராம்தான் பொய். ஸ்டேசன் மேல் எனக்கிருந்த பிரமிப்பு பொய்யில்லை. எங்கள் ஊரில் ரயில் நின்றுபோயிருந்தது. இங்கே மேடையில் நின்றால் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். பெரிய அலை வந்தால் முகத்தில் சாரல் படும். கடலையும் ரயிலையும் இவ்வளவு கிட்ட வைக்கலாம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் எவனுக்கோ தோன்றியிருக்கிறதே என்று தினமும் வாய்பிளந்து நிற்பேன். இரண்டு ரயிலைத் தவறவிட்டதும் உண்டு.

கூட்டத்தன்று காலை ஆதாரம் தேடிக் கிளம்பினேன். கையில் கொப்பி, பேனை, குடை. மேடையைக் காலடியால் அளந்து எழுதினேன். ரயில் வந்துபோன நேரங்களை எழுதினேன். பிறகு வெளியே வந்து, தாருக்கடியில் பழைய ட்ராம் தண்டவாளம் கிடக்கிறதா என்று பார்க்க, ரோட்டில் குந்தியிருந்து குடை நுனியால் கிண்டத் தொடங்கினேன். (சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம் அது. ஒரு தமிழ்ப் பெடியன் ஸ்டேசன் வாசலில் ரோட்டைக் கிண்டுகிறான். கொப்பி நிறைய ரயில் நேரம். இதைவிடத் திறமாக மாட்டுப்பட ஒருவராலும் முடியாது.)

மூன்றாவது குத்துக்குள் இரண்டு சப்பாத்துக்கள் கொப்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

பொலிசில் என்னை விசாரித்தவர் ஐம்பது வயசுச் சார்ஜன்ட். தமிழர் நிறைந்த கொட்டாஞ்சேனையில் வளர்ந்த சிங்களவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. என்னோடு படித்த ஒருவனை இப்படித்தான் ரோட்டில் வைத்துக் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. எனக்கு அவனுடைய முகம்தான் வந்துகொண்டிருந்தது.

“ரோட்டுல என்ன செஞ்ச?”

“ட்ராம் தேடினனான் சேர்.”

“என்ன?”

“முந்தி ஸ்டேசன் வாசலிலை ட்ராம் நிண்டது சேர். பின்னேரம் அதைப் பற்றிப் பேச்சு.”

அந்த நேரம் பார்த்துப் பூமணி அக்காவும் சாந்தியும், நான் அவர்கள் வீட்டில் தங்கியிருப்பதாகப் பொலிசில் பதிந்த பத்திரத்தோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள். ஸ்டேசனடிப் பெட்டிக்கடைக்காரர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார். சார்ஜன்ட் பத்திரத்தைப் பார்க்கவேயில்லை. மேசையில் ஓங்கி அடித்தார்.

“வெள்ளவத்தைக்கு ட்ராம் வரவே இல்ல! எங்கட அப்பா ட்ராம் ஓட்டின ஆள். கிராண்ட்பாஸுக்குப் போச்சு, பொரளைக்குப் போச்சு. வெள்ளவத்தைக்கு எங்க வந்துச்சு? யாருக்குக் கதை விடுற?”

சாந்தி என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷம் என்னை உள்ளே போட்டுப் பூட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

சார்ஜன்ட் நிறுத்தவில்லை. ட்ராமுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாதாம். கடைசித் தரிப்பில் அது திரும்பாது. மேலே மின்கம்பியைத் தொடும் கம்பத்தைத்தான் கயிற்றால் இழுத்து மற்றப் பக்கம் திருப்புவார்களாம். “சின்னதுல ஒரு நாள் அந்தக் கயிற என் கையில குடுத்தாங்க” என்றார். குரல் இறங்கிவிட்டது. ஆள் குறுக்கே வந்தால் அப்பா காலாலேயே மணியடிப்பாராம். “இப்பிடி!” என்று சப்பாத்துக் காலால் நிலத்தில் இரண்டு தரம் தட்டினார். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த கசிப்புச் சாராயக்காரர்கூட வாயைப் பிளந்துகொண்டிருந்தார். நான் பிடிபட்டவன் என்பதையே மறந்துபோனேன்.

“கம்பம் மாறேக்கை நெருப்புப் பொறி பறக்குமோ சேர்?”

“பறக்கும். நீல நெருப்பு.”

பிறகு அவர் என் கொப்பியைப் புரட்டினார்.

“மேடை போகக்குள்ள இருநூற்றுப் பன்னிரண்டு அடி. திரும்பி வரக்குள்ள நூற்றெண்பத்தேழு. ஒரே மேடை!” என்றவர் பூமணி அக்காவிடம் திரும்பினார். “குண்டு வைக்க வந்தவன் இப்பிடி அளக்க மாட்டான். கூட்டிக்கிட்டுப் போங்க. கொப்பி இங்க இருக்கட்டும்.”

வெளியே வந்து காலி வீதி வெயிலில் நின்று குழந்தைபோல அழுதேன். என் நண்பன் திரும்பாத இடத்திலிருந்து நான் திரும்பியிருக்கிறேன், அதுவும் பிழையாக அளந்த புண்ணியத்தில். சாந்தி என் குடையை வாங்கி எனக்கே பிடித்தாள்.

கொப்பி திரும்பி வரவில்லை. சாந்தி வந்தாள், கலியாணமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போதும் சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது கண்ணால் கண்டதுபோலச் சொல்லத் தொடங்கினால், மேசைக்கடியில் அவளுடைய கால் இரண்டு தரம் தட்டும். பிறகு மகளுடையது. பிறகு மருமகனுடையது. போன கிழமை நான் வாயைத் திறந்ததும், உயரக் கதிரையில் இருந்த பேத்தியும் காலை இரண்டு தரம் உதைத்தாள். அவளுக்கு இன்னும் கால் நிலத்தில் முட்டாது.