குறட்டைக்கு உரிமையாளர்

பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் ஒரே ஒரு விஷயத்தில்தான் மனைவியிடம் தோற்காமல் இருந்தார். தான் குறட்டை விடுவதே இல்லை என்பதில்.

விடாமலா? அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அலமாரியில் தள்ளித் தள்ளி வைத்த டம்ளர்கள் நகர்ந்து வந்து ஒன்றையொன்று குசலம் விசாரிக்கும். ஆனால் மனிதர் ஒப்புக்கொண்டால்தானே!

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா அவர். படிவம் நிரப்புவதில் புலி. "எழுத்துல இல்லாதது நடக்கவே இல்ல, விண்ணப்பம் வராம அனுமதி இல்ல." இந்த இரண்டும்தான் அவருடைய வேதம். ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களை இந்த வேதத்தை ஓதியே விரட்டிவிடுவார். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒருநாள் மனைவியின் அண்ணன் எதிரிலேயே சவால் விட்டார்.

"நான் குறட்டை விடறேன்னு எழுத்துல ஒரே ஒரு ஆதாரம் காட்டச் சொல்லுங்க மச்சான். அன்னைக்கே தலையணையைத் தூக்கிட்டு முன்னறைக்குப் போயிடறேன்."

"வாக்கு மாற மாட்டீங்களே, மாப்பிள்ளை?"

"மாறினா இந்தப் பேனாவை ஒடிச்சுப் போட்டுடறேன்!"

முன்னறை என்றால் என்னவென்று தெரிந்துதான் பேசினாரா? அங்கே இருப்பது இரண்டு பேர் உட்காரும் சோபா. படுத்தால் முழங்காலுக்குக் கீழே அந்தரம். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட், ஏறும்போது ஒரு முனகல், இறங்கும்போது இரண்டு. ஏ.சி., அகலக் கட்டில், கனத்த திரைச்சீலை எல்லாம் படுக்கையறையில். அதை விட்டால் மனிதருக்குத் தூக்கம் ஏது!

மனைவி தையற்காரி. படுக்கையறை மூலையில்தான் அவளுடைய மெஷின். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் பாடம் படம்பிடித்து இணையத்தில் போடுவாள். பார்க்கிறவர்கள் நாற்பது பேர். அதில் பாதி அவளுடைய சித்தி பெண்கள்.

ஒரு ஞாயிறு மதியம், அவர் உண்ட மயக்கத்தில் கட்டிலில் கிடக்க, திரைச்சீலைக்கு மடிப்பு வைப்பது எப்படி என்று ஒரு பாடம் எடுத்தாள். படத்தில் தெரிந்தது அவள் கையும் துணியும்தான். ஆனால் சத்தம்? ஒரே வாரத்தில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மடிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "அக்கா, பின்னாடி ஓடறது என்ன மெஷின்?" "டீசலா, கரண்டா?" "பாவம், அதுக்கு எண்ணெய் விடுங்கக்கா." இதே பேச்சு!

புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் மீட்டர் பார்க்கிறவர் அதை போனில் ஓடவிட்டார். "சார், நம்ம ரெக்கார்டு ரூம்ல மூணு மணிக்குக் கேக்குமே, அதே சத்தம் மாதிரி இல்ல?" மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. நம்மவர் பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த வீடியோவை எடு."

"எந்த வீடியோ?"

"அதான், பின்னாடி சத்தம் வருதே."

"யாரு சத்தம்?"

"தண்ணி மோட்டார்."

"மோட்டாரே சும்மா இருக்கு, நீங்க ஏன் குதிக்கறீங்க?"

"எடுப்பியா மாட்டியா?"

"நாலு லட்சம் பேருங்க! மாட்டேன்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "வேணும்னா காப்பிரைட் புகார்னு ஒண்ணு இருக்கு. இது என் படைப்பு, கேக்காம எடுத்துப் போட்டுட்டாங்கன்னு யாராவது எழுதிக் குடுத்தா போதும். முதல்ல தூக்கிடுவாங்க, விசாரணையெல்லாம் அப்புறம்தான். போன மாசம் என் காலர் பாடத்தையே முன்பின் தெரியாத எவனோ ஒருத்தன் தன்னோடதுன்னு சொல்லித் தூக்க வெச்சானே. நான் தைச்ச காலர்! அவனுக்குப் பொத்தான் தைக்கத் தெரியுமோ என்னமோ."

"அவ்வளவு சுலபமா?"

"சுலபமா? நாலு பக்க ஃபாரமுங்க. உங்களால முடியாது, விடுங்க."

முடியாதா! யாரைப் பார்த்து என்ன சொல்லிவிட்டாள்!

மறுநாள் ஆபீஸுக்கு அரைமணி முன்னாலேயே போனார். கணினியில் படிவத்தைத் திறந்தார். விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாயால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வார். படிவத்தில் பொய் எழுத மட்டும் கை வராது. ஒரு கட்டத்தைக் காலியாக விடவும் மனசு வராது.

படைப்பு: குறட்டை. கருவி: மூக்கு. துணைக்கருவி: தொண்டை. படைப்பாளி: நானே. அரங்கேற்றம்: கல்யாணத்துக்கு மறுநாள் மதியம். சாட்சி: மனைவி. அதன்பின் எத்தனை முறை: தினமும் தவறாமல், விடுமுறை நாளில் இருவேளை. மற்றவர்களுக்கு என்ன நிபந்தனை என்ற கட்டம் பெரிதாக இருந்தது. பெரிய கட்டத்தைப் பார்த்தால் அவருக்குக் குஷி. "என் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி, என் மனைவி உட்பட எவரும், எந்த இடத்திலும், எந்த நேரத்திலும் இதைக் கேட்கலாகாது" என்று தீட்டினார். கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி. கையெழுத்து. கடைசியில் ஒரு குட்டிக் கட்டம்: புகாரின் முழு நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்பலாமா? அது காலியாக இருந்தது. காலியாக இருந்தால் விடுவாரா? டிக் அடித்தார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ போயே போய்விட்டது. வீட்டுக்குள் ராஜநடை போட்டு வந்தார்.

"உன் வீடியோ இருக்கா?"

"இல்லீங்க. யாரோ புகார் குடுத்துட்டாங்களாம்." தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கே பாவமாகப் போய்விட்டது. நாலு லட்சம் பேரைப் பிடுங்கிவிட்டோமே என்று அன்றைக்குப் பாத்திரமெல்லாம் அவரே தேய்த்தார். கொடியிலிருந்த துணியையும் மடித்து வைத்தார். கேட்காமலே!

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்தார். கேலியும் பேச்சுமாகச் சாப்பாடு முடிந்தது. நம்மவர் ஏப்பம் விட்டபடி படுக்கையறைப் பக்கம் நடந்தார். வாசலில் மனைவி. இடது கையில் அவருடைய தலையணை. வலது கையில் நாலு தாள், ஓரமாக ஊசியால் தைத்திருந்தது.

"அண்ணா, இதைக் கொஞ்சம் சத்தமாப் படி."

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூக்கு என்ற இடத்தில் சிரித்தார். தொண்டை என்ற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். உறுதிமொழி வரைக்கும் வர அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. "கையெழுத்து உங்களுதுதானே, மாப்பிள்ளை? எழுத்துல ஆதாரம் கேட்டீங்க. நாலு பக்கம் குடுத்திருக்கீங்க!"

நம்மவர் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எல்லாம் உன் வேலைதானா?"

"ஃபாரம்னா உண்மையை எழுதிடுவீங்கன்னு தெரியும். அந்த நாலு லட்சத்துக்கா அழுதேன்? பதினெட்டு வருஷமா நான் ஒரு ஞாயித்துக்கிழமை மதியம்கூட கண்ணை மூடினதில்லீங்க."

தலையணையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டாள். "உரிமை முழுக்க உங்களோடது. தெரியாம இத்தனை வருஷம் அனுமதி இல்லாமலே கேட்டுட்டேன், மன்னிச்சிடுங்க. இனிமே சத்தியமா கேக்க மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஏ.சி. ஓட ஆரம்பித்தது.

தலையணையும் கையுமாக நின்றவர் கதவைத் தட்டினார். "அனுமதி தரேன்டி! இப்பவே எழுதித் தரேன்! எத்தனை வருஷத்துக்கு வேணும் சொல்லு!"

உள்ளேயிருந்து கொட்டாவியோடு பதில் வந்தது.

"நான் விண்ணப்பிக்கவே இல்லையேங்க."