சென்சாருக்குப் பாலிஷ் போட்டவன்

தனக்குப் பொறாமையே கிடையாது என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் சகலை கிடையாது என்று அர்த்தம். எனக்கு ஒருவன் இருக்கிறான். பெயர் தினகரன். என் மனைவியின் தங்கை புருஷன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் பார்க்கும் அதே வேலையை அவனும் பார்த்தான். தொழிற்சாலையில் கேஸ் கசிந்தால் கண்டுபிடித்துக் கத்துகிற சென்சார்களை விற்கிற வேலை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் கும்மிடிப்பூண்டியில் ஒருவரும் மதிக்கவில்லை. மூக்கு இருக்கும்போது மிஷின் எதற்கு என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு காலம் மாறியது. பெயிண்ட், மருந்து, பேட்டரி என்று எந்தக் கம்பெனி வந்தாலும் முதலில் சென்சார் மாட்டச் சொன்னார்கள். தொழில் வளர்ந்தது. எனக்குப் பின்னால் வந்த தினகரனும் வளர்ந்தான். (நானும் வளர்ந்தேன், இடுப்பில்.) அவன் பெரிய கம்பெனியில் சேர்ந்து, திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கி, கார் வாங்கினான். நான் மணவாள நகரில் வாடகை வீட்டிலிருந்து பைக்கில் போய்வந்தேன்.

பொங்கலுக்கு மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்வோம். "இந்த சென்சார் தொழிலு இன்னும் பத்து வருசத்துல எப்டி இருக்கும் மாப்ள?" என்று மாமனார் கேட்பார். மாப்பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறோம், அவர் பார்ப்பது தினகரனை. அவனும் சோற்றைப் பிசைந்தபடியே, இனிமேல் காற்று, தண்ணீர், மனுஷன் விடுகிற மூச்சு எல்லாவற்றையும் சென்சார்தான் சோதிக்கும், பொட்டி சின்னதாகிச் சின்னதாகி செல்போனுக்குள்ளேயே வந்துவிடும் என்பான். மாமனார் தலையாட்டிக்கொண்டே கேட்பார். எனக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் மாமியார் ரசத்தில் காரமே இருக்காது.

இப்படியிருக்கும்போதுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனி புதிதாக ஒரு ஷெட் கட்டியது. ஷெட் முழுக்க சென்சார் மாட்ட வேண்டும். எங்கள் கருவியையும் தினகரன் கம்பெனிக் கருவியையும் ஒரே நாளில் கொண்டுவரச் சொன்னார்கள். எது நன்றாக வேலை செய்கிறதோ அதற்கு ஆர்டர். இது கிடைத்தால் நீதான் மேனேஜர், கிடைக்காவிட்டால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தையே மறந்துவிடலாம் என்றார் எங்கள் முதலாளி. மேனேஜர் நாற்காலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த பொங்கலுக்கு மாமனார் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். செய்தும்விட்டேன்.

அன்றைக்கு முதலாளியின் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கம்பெனி வாசலில் தினகரன் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புத்தம்புதுக் கருவியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். என்னுடையது பாதி மாவட்டத்துக்குப் போய்வந்த சாம்பிள் கருவி. கீறலும் தூசியுமாக இருந்தது. மானம் போகுமே என்று, முதலாளி காரில் வைத்திருந்த டேஷ்போர்டு பாலிஷ் ஸ்பிரேயை எடுத்து அடித்துத் துடைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வலை இருக்கும், அது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சென்சார் மூச்சு விடுவதே அந்த வலை வழியாகத்தான். அங்கேயும் இரண்டு தடவை அடித்தேன்.

தொழில் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்கள். அந்தப் பாலிஷில் சிலிகான் உண்டு. அது உள்ளே போய்ப் படிந்தால் எங்கள் ரக சென்சார் செத்துப்போகும். செத்தது வெளியே தெரியாது. பச்சை விளக்கு எரியும், திரையில் பூஜ்ஜியம் நிற்கும். எல்லாக் கம்பெனி ஆட்களுக்கும் சேர்த்து ஒருமுறை நடத்திய பயிற்சி வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். தினகரனும் அதே வகுப்பில்தான் இருந்தான், நோட்டில் எழுதிக்கொண்டான். நான் அவன் கையில் இருந்த வாட்ச் என்ன விலை இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஸ்டெல்லா மேடம். இரண்டு கருவிகளையும் மேசையில் வைக்கச் சொல்லி, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் ஒரு துணியை நனைத்தார். தினகரன் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்குள்ளேயே அது அலறியது. என் கருவிக்கு நேராகப் பிடித்தார். சத்தமே இல்லை.

எங்கள் மிஷின் நிதானமானது, சும்மா சும்மா கத்திப் பேஜாரு பண்ணாது என்று நான் விளக்கம் சொன்னேன். (எப்படித்தான் வாய் வந்ததோ.) மேடம் துணியை மறுபடி நனைத்து, வலையில் ஒட்டுகிற மாதிரி பிடித்தார். சுற்றி நின்றவர்கள் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கருவியை விட்டு நகர மனசில்லாமல் நின்று, இரும ஆரம்பித்தேன். இருமல் நிற்கவில்லை. திரையில் பூஜ்ஜியம். பச்சை விளக்கு.

"பொட்டி கம்முனு கீது. நீங்கதான் இருமிக்கினு இருக்கீங்க," என்றார் மேடம். "பேசாம உங்களையே செவுத்துல மாட்டிட்டுப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"எங்க நைனா டேங்க் கழுவுற வேலை செஞ்சவரு. உள்ளயே கேஸ் அடிச்சி மயங்கி வுழுந்துட்டாரு. அப்பல்லாம் இந்தப் பொட்டி கெடையாது. இப்டி பச்ச லைட்ட போட்டுக்கினு பொய் சொல்ற பொட்டிக்கு, பொட்டியே இல்லாம இருக்கலாம் சார்."

பொறாமை, மேனேஜர் பதவி எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய், வெட்கம் மட்டும் நின்றது.

தினகரன் என் கருவியைக் கையில் எடுத்து முகர்ந்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சொல்லித் தொலைக்கட்டும், காலத்துக்கும் நிம்மதியாக அவனை வெறுக்கலாம் என்று காத்திருந்தேன். அவனோ, மிஷின் நல்ல மிஷின்தான் மேடம், உள்ளே சென்சார் மட்டும் போயிருக்கிறது, மாற்றினால் வேலை செய்யும் என்று எனக்காகப் பேசினான். வெளியே வந்ததும்தான் மெதுவாகக் கேட்டான்.

"இன்னாண்ணா, வலை மேலயுமா அடிச்ச?"

ஆர்டர் அவனுக்குப் போனது. நான் இப்போது ஆரணிப் பக்கம் ஓட்டல்களுக்கு சிலிண்டர் கசிவு அலாரம் விற்கிறேன். நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜர் பதவி என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டபோது நானே உளறினேன். அவள் தங்கையிடம் சொன்னாள். மிச்சத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழு பார்த்துக்கொண்டது.

இன்றைக்கும் பந்தியில் எனக்குப் புரையேறினால் போதும். "பெரிய மாப்ள அலாரம் அடிக்கிறாரு, யாராவது போயி அடுப்ப அணைங்க," என்பார் மாமனார். பிள்ளைகள் நிஜமாகவே சமையலறைக்கு ஓடும். பந்தியே சிரிக்கும், என் மனைவி உட்பட. தினகரன் மட்டும் சிரிக்க மாட்டான். எழுந்து வந்து என் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவான். மற்றவர்களையெல்லாம் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.