குடமிளகாயும் நாற்பத்தொரு சதவீதமும்

இந்த வருஷம் ஒரு மிளகாயைக்கூடத் தொடுவதில்லை என்று லியூபென் முடிவெடுத்தபோது அவனுக்கு வயது ஐம்பத்து நான்கு. தாமதமான ஞானம்தான். ஆனாலும் ஞானம் ஞானம்தானே.

செப்டம்பர் பிறந்தால் ரூசே நகரத்தில் எல்லாப் பால்கனியிலும் புகை. சிவப்புக் குடமிளகாயை மின்சார அடுப்பில் சுட்டு, தோலுரித்து, அரைத்து, குளிர்காலத்துக்கு ஜாடி ஜாடியாகத் தொக்கு போடுவார்கள். லியூபெனின் மனைவி டோன்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அளவு விஷயத்தில் கறார். அறுபது கிலோவுக்குக் குறைந்தால் அவளுக்கு அது தொக்கே இல்லை. சுடுவதும் அரைப்பதும் அவள், உரிப்பது லியூபென். இருபத்தாறு வருஷமாக. சுடச்சுட உரித்து முடித்தால் பத்து விரலும் நான்கு நாளைக்கு எரியும். மீசையில் ஏறிய புகை புத்தாண்டுக்குத்தான் இறங்கும்.

அவனைக் காப்பாற்ற வந்தது வீட்டுக் கம்ப்யூட்டர். அதற்குக் கிழடு தட்டிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் காபி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் திறக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பெயினில் இருக்கும் மகள் ராலித்சாவோடு டோன்கா பேசிக்கொண்டிருந்தபோது, "பாட்டி" என்று சொல்ல வாய் திறந்த பேத்தி, திறந்த வாயோடு திரையில் உறைந்துபோனாள். டோன்கா அழுதேவிட்டாள். லியூபெனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் கெட்டவன் அல்ல, மிளகாய்க்குப் பயந்தவன்.

கீழ்வீட்டு மின்ச்சோ வைத்தியம் சொன்னார். "இதுக்கு லினக்ஸ் போடு தம்பி. கிழட்டுப் பெட்டிக்குன்னே பொடிசா ஒண்ணு இருக்கு. ரெண்டு வழி. ஹார்ட் டிஸ்க்ல ஒரு மூலையில, ஒரே ஃபோல்டருக்குள்ள சுருட்டி வச்சுடலாம். பத்து நிமிஷ வேலை, பழசும் அப்படியே கிடக்கும். இல்லேன்னா டிஸ்க்கைத் துடைச்சு, பாகம் பிரிச்சு, மொத்தமும் பரப்பலாம். அதுக்கு ஒண்ணரை மணி நேரம்."

லியூபெனுக்கு மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. நாள் முழுக்க ஆகும் வழி.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தான்.

"சனிக்கிழமை கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடறேன், டோன்கா."

"சனிக்கிழமை மிளகா வருதே, மனுஷா."

"என்ன பண்றது? மகளா, மிளகாயா? நீயே சொல்லு."

டோன்கா ரொட்டியைப் பிய்த்தாள். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"காலையில ஒம்போதுக்கு உக்காந்தா சாயங்காலம் ஆறு."

"நடுவுல ஒரு நாலு கிலோ உரிச்சுக் குடுக்கலாமில்ல?"

"எந்திரிக்கவே கூடாது! ஆபரேஷன் பண்ற டாக்டர் பாதியில வந்து மிளகா உரிப்பாரா?"

"சாப்பாடு?"

"எண்ணெய்க் கை ஒரு எழுத்துல பட்டா மொத்தமும் போச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யில் ருசி கண்டவன் எங்கே நிறுத்துவான்? "இன்னொண்ணு. அன்னிக்கு மிளகா அடுப்பையே போடக் கூடாது. ஃபியூஸ் போனா டிஸ்க் செத்துடும்."

டோன்கா தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள். "சரி," என்றும் சொன்னாள்.

கல்யாணத்துக்கே அவளிடம் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. ஒரே தடவையில் அவள் சரி என்றது இதுதான் முதல் முறை. லியூபென் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவனோ இன்னொரு துண்டு ரொட்டி கேட்டான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவனிடம் ஒரு பென்டிரைவையும் மடித்த காகிதத்தையும் நீட்டினாள். "மின்ச்சோ அண்ணன் நேத்தே குடுத்துட்டுப் போனாரு. ஏதோ செய்முறையாம்."

லியூபெனுக்குத் திக்கென்றது. இரண்டு வழியும் நிமிஷக் கணக்கோடு அதில் இருக்குமே! மடிப்பைப் பார்த்தான். கலையவில்லை.

"நீ படிக்கலியே?"

"எனக்கெங்க அதெல்லாம் புரியப்போவுது?"

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மின்ச்சோ வந்தார். அறைக் கதவைச் சாத்தினார்கள். பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, ஃபோல்டர் வழியில் காரியத்தை முடித்தார்கள். கடைசியில், தொடக்கப் பட்டியலில் பெயர் சேர்க்கட்டுமா என்று கேட்டது. மின்ச்சோ திரையைப் பார்க்காமலே 'சேர்' என்று அமுக்கினார். இன்னொரு கையில் பகடை தயாராக இருந்தது. மணி ஒன்பதே கால். ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து ரக்கியாச் சாராயப் பாட்டில் வெளியே வந்தது.

அரைமணிக்கு ஒரு தடவை லியூபென் கதவைப் பார்த்துக் கத்தினான். "பன்னெண்டு சதவீதம்!" "இருபது!" "முப்பத்திமூணு!"

நண்பகலுக்குச் சமையலறையிலிருந்து பனித்சா வாசனை வந்தது. முட்டையும் பாலாடைக்கட்டியும் மடித்துச் சுட்டது, வெண்ணெய் சொட்டச் சொட்ட. மின்ச்சோ எழுந்தார். "நான் டாக்டர் இல்லியே தம்பி, எனக்குப் பசிக்குது," என்று போய்விட்டார். போகிற வழியில் டோன்கா அவருக்கு இரண்டு துண்டு கொடுப்பது காதில் விழுந்தது.

"டோன்கா! வாசனை வருதே!"

"வரத்தான் வரும். நீ தொடக் கூடாதே, எண்ணெய்."

லியூபென் எச்சில் விழுங்கினான். "நாப்பத்தேழு சதவீதம்!"

இரண்டு மணிக்கு மெதுவாகக் கதவைத் திறந்தான். டோன்கா எதிரே நாற்காலி போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"பாத்ரூம்."

"எந்திரிக்கவே கூடாதுன்னியே? டாக்டர் போவாரா?"

"ரெண்டு நிமிஷம்தான்."

"வேணாம் மனுஷா. என் மக முகம் அதுக்குள்ள இருக்கு. போய் உக்காரு. எத்தனை ஆச்சு?"

கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பவனுக்குக் கணக்கு நினைவிருக்குமா? "நாப்பத்தொண்ணு."

"மத்தியானம் நாப்பத்தேழுன்னே?"

"சில சமயம் பின்னாடி போகும்!"

"பாவம்," என்றாள் டோன்கா. கால் மணி நேரம் கழித்துத்தான் மனமிரங்கினாள்.

ஆறு மணிக்கு வெளுத்த முகமும் ஒட்டிய வயிறுமாக லியூபென் கதவைத் திறந்தான். ஆனால் உள்ளுக்குள் கொண்டாட்டம். வீட்டில் மிளகாய் வாசனையே இல்லை! "நூறு!" என்று அறிவித்து, அவளைப் பக்கத்தில் நிற்க வைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான்.

திரையில் மூன்று வரி வந்தது. முதல் வரி, பழசு. கடைசி வரி, லினக்ஸ். நடுவில் ஒன்று: 'டோன்காவின் லினக்ஸ், வியாழக்கிழமை.'

லியூபென் அதை இரண்டு முறை படித்தான். மூன்றாம் முறை படிக்கத் தெம்பில்லை.

"நகரு," என்று டோன்கா நாற்காலியில் உட்கார்ந்து நடு வரியைத் தட்டினாள். கண் சிமிட்டும் நேரத்தில் திரை நிறையப் பேத்தியின் படம் சிரித்தது. "முப்பது வருஷமா டாக்டருங்க கிறுக்கலைப் படிச்சு மருந்து குடுக்கறவ நான். மின்ச்சோ அண்ணன் கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. பத்து நிமிஷம்னு எழுதியிருந்தாரு. எனக்குப் பன்னெண்டு ஆச்சு."

"அப்போ இன்னிக்குப் பூரா..."

"நீ எத்தனை சதவீதம் வரைக்கும் போவேன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

"மிளகா?" என்றான் லியூபென், ஈனசுரத்தில்.

"நீதானே இன்னிக்கு அடுப்பு போடக் கூடாதுன்னே? அதான் நாளைக்கு மாத்திட்டேன். பத்து மணிக்கு வருது. வண்டியில மிச்சமிருக்கறதையும் எடுத்துக்கங்கன்னாரு மிளகாக்காரரு. நூறு கிலோ."

"நூறா! யாரு சுடறது?"

"நீதான். நான் ராலித்சாவோட பேசிட்டிருப்பேன். நடுவுல எந்திரிக்கவே கூடாத வேலை."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளேயிருந்து மூன்று தலைமுறைச் சிரிப்பு கேட்டது. ஒரு முகமும் உறையவில்லை. கீழ்ப் பால்கனியிலிருந்து மின்ச்சோ, "பாகம் பிரிச்சுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். கேட்டதோடு சரி. லியூபென் புகைக்கு நடுவில் உரித்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா!" என்று பேத்தியின் குரல், ஸ்பெயினிலிருந்து கணீரென்று வந்தது. "பாட்டி கேக்கச் சொன்னாங்க! எத்தனை சதவீதம்?"

லியூபென் எரியும் விரல்களோடு கூடைகளைத் திரும்பிப் பார்த்தான்.

"நாலு," என்றான். புதன்கிழமை இரவுக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் சொன்ன முதல் உண்மை.