கதவு திறக்காத கலியாணக் கார்

பத்திரிகையில் வேலை செய்கிறவனுக்கு எல்லா விஷயமும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கெடுக்க எங்களில் யாருக்கும் மனம் வருவதில்லை. கார்களைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றுக்கு நான்கு சக்கரங்கள் உண்டு என்பதும், ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் சில கார்கள் பந்தயம் ஓடும் என்பதும்தான். அந்தப் பந்தயத்தைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தேன். (வென்றது யார் என்பதைப் பக்கத்தில் நின்ற கடலை வியாபாரியிடம் கேட்டுத்தான் எழுதினேன்.)

அந்தக் கட்டுரையை நம்பி என்னைக் கார் பார்க்க அழைத்தவர், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் செல்வியைக் கலியாணம் செய்ய நான் கேட்டிருந்தேன். அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "பேப்பர்ல எழுதுறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று மட்டும் செல்வியிடம் கேட்டிருந்தார். ஆகவே கார் பார்க்கப் போன அன்று பார்க்கப்படப்போவது நானும்தான் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கார் உடப்புசல்லாவையில் இருந்தது. பழைய மொரிஸ் மைனர், நான்கு கதவுகள். யாரோ ஒருவர் அதன் கூரையை அறுத்தெடுத்துவிட்டு, மடக்கக்கூடிய கான்வாஸ் போட்டிருந்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் திறந்த காரில் உட்கார்ந்து படம் எடுப்பது அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அதை வாங்கிக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுவது கிளாக்கர் ஐயாவின் திட்டம். புருஷன் ஏமாந்துவிடுவார் என்று அவருடைய மனைவியும் வந்தார். அம்மா வருகிறார் என்று செல்வியும் வந்தாள்.

நான் பொனட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். எஞ்சின் இருந்தது. டயரை உதைத்தேன். குனிந்து அடியில் பார்த்து "ம்ம்" என்றேன். கண் மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தது: கதவின் இடுக்கில் கீழே ஒரு விரல் நுழைகிறது, மேலே நகம்கூட நுழையவில்லை. பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தேன். அதற்குக் காரின் உடம்பைத் தட்டி நான் சொன்ன விளக்கம்தான் அநியாயம்.

"நல்ல இறுக்கமான பொடிங்க. தூசி உள்ள வராது. எடுக்கலாம் ஐயா."

கார்க்காரர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பிக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

இது போதாதா? அம்மா பையிலிருந்து சாமந்தி மாலையை எடுத்துப் பொனட்டில் போட்டு, கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி பிடித்துப்போனால் அங்கேயே பூஜையை முடித்துவிட வேண்டுமென்று எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். "ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்று கார்க்காரர் சாவியை என்னிடம் தந்தார். (ஓட்ட மட்டும் பத்திரிகை ஆபீஸ் வேனில் பழகியிருந்தேன்.) ஐயாவும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். அம்மா சற்றுப் பருமன், பக்கத்தில் இன்னொருவருக்கு இடமில்லை. செல்வி முன்னால் என் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. (என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் அவை.)

தோட்டத்துப் பாதையில் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்கு முன்னால் டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நகர்த்தச் சொல்லலாம் என்று கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன். செல்வி தன் பக்கம் முயன்றாள். பின்னால் இரண்டும் அப்படியே. கூரையோடு காரின் பலமும் போயிருந்தது. நான்கு பேர் ஏறியதும் நடுவயிறு தொய்ந்து, கதவுகளை இடுக்கிப் பிடித்துக்கொண்டது.

அது தேர்தல் மாதம். திறந்த கார், பொனட்டில் மாலை, பின்னால் வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர். மடுவத்தில் வரிசையாக நின்ற பெண்கள் கூடையோடு வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வாங்க ஐயா. மத்தவங்க எல்லாம் மூடுன ஜீப்புல பறந்துர்றாங்க. நீங்கதான் மொகத்தக் காட்டியிருக்கீங்க. எங்க லயத்து வீடுகளுக்குத் தண்ணியே வர்றதில்லைங்க."

இல்லையம்மா, நாங்கள் ஓட்டுக் கேட்க வந்தவர்கள் இல்லை என்று ஐயா சொல்லியிருக்கலாம். ஆனால் உத்தியோகக் காலம் முழுவதும் ஆபீஸ் ஜன்னலில் இதே குரல்களைக் கேட்டவர்.

"பைப்பு ஒடஞ்சிருக்கா, டேங்குலயே தண்ணி இல்லையா?"

"பைப்புங்க."

"எழுதிக் குடுங்க. பாக்குறோம்."

"எழுதி என்னாத்துக்குங்க? லயம் இந்தா இருக்கு, எறங்கி ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

ஐயா கைப்பிடியை இழுத்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கையை எடுத்துக்கொண்டார். மழை தூற ஆரம்பித்தது. கான்வாஸை ஏற்ற ஒருவர் வெளியே இறங்கியாக வேண்டும். நான் விளிம்பைத் தாண்டிக் குதிப்பதற்காக சீட்டின் மேல் ஏறி நின்றேன். கூட்டம் சட்டென்று அமைதியானது. ஒருவர் கைதட்டினார். பேசப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"பாத்தியாடி, நனைஞ்சாலும் எறங்க மாட்டேங்கிறாங்க" என்றது ஒரு குரல். "ஓட்டு கேக்கவே எறங்காதவரு, செயிச்சா வந்துருவாராக்கும்!"

இன்னொருத்தி செல்வியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "முன்னுக்கு இருக்கிற ரெண்டு பேரும் யாருங்கம்மா?"

கலியாணமாகாத மகள், அந்நிய ஆண் பக்கத்தில், கூரையில்லாத காரில், ஒரு தோட்டமே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அம்மாவுக்குச் சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"மகளும் மருமகனும்."

டிராக்டர் நகர்ந்தது. நாங்கள் நனைந்துகொண்டே திரும்பினோம். கார்க்காரர் எங்களைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. ஜாக்கை எடுத்துக் காரின் நடுவயிற்றில் வைத்து உயர்த்தினார். கதவுகள் தானாகத் திறந்தன.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றார் ஐயா.

"கலியாண ஜோடி ரெண்டு பேருதானுங்க ஏறுவாங்க. குடும்பமே ஏறும்னு யாரு கண்டா? அதோட, தம்பிதான் இறுக்கமான பொடின்னு சொன்னாரு."

அம்மா மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு திரும்பப் பஸ் ஏறினோம். பிறகு ஐயா மெதுவாக, "இவருக்குக் காரப் பத்தி ஒண்ணுமே தெரியாது" என்றார்.

"அதான் கார வாங்கலையே" என்றார் அம்மா. "அம்புட்டு சனத்துக்கு முன்னால மருமகன்னு சொல்லிப்புட்டேன். அந்தத் தோட்டத்துல நம்ம சொந்தக்காரங்க வேற இருக்காங்க. இனி இவர எப்புடி மாத்துறது?"

அடுத்த வாரம் எங்கள் பத்திரிகையின் ஹட்டன் அலுவலகத்தில் என் மேசைக்கு ஒரு செய்தி வந்தது: 'வாகனத்தை விட்டு இறங்க மறுத்த வேட்பாளர்: தோட்ட மக்கள் அதிருப்தி.' வேட்பாளரின் பெயர் இல்லை என்று காரணம் காட்டி நிறுத்திவிட்டேன். அதில் மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

எங்கள் கலியாணத்துக்குக் கூரை உள்ள வேன்தான் பிடித்தார்கள். வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் வீட்டில் வாக்குவாதம் முற்றினால், பிள்ளைகள் அடுத்து வரப்போவதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே சிரிக்கத் தொடங்குவார்கள். செல்வி அவர்கள் பக்கம் திரும்பி, சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல் சொல்வாள்:

"அன்னிக்கு மட்டும் அந்தக் கதவு தெறந்திருந்தா, நான் எறங்கி நடந்தே வட்டகொடை வீட்டுக்குப் போயிருப்பேன்."