இன்சுலினைத் தரம் பிரித்த சங்கம்

இன்சுலினைக் கண்டுபிடித்த பெருமையை வெள்ளைக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். அதைத் தரம் பிரித்த பெருமை போடிநாயக்கனூருக்கே உரியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நிகழ்ந்த அந்த மகத்தான சாதனையைத் தன் தொடையிலேயே தாங்கிக்கொண்ட பாக்கியசாலி கருத்தம்மாள்.

கருத்தம்மாள், அழகுமலை முதலாளியின் கிடங்கில் ஏலக்காய் பொறுக்குகிறவள். இருபது வருஷமாக நல்ல காயை இந்தப் பக்கமும் வெடித்த காயை அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. முதலாளிக்கும் அதே வியாதி. வியாதிக்கு ஆள் தராதரம் பார்க்கத் தெரியவில்லை, பாவம். அந்தக் குறையை நீக்கத்தான் ஏலக்காய் வியாபாரிகள் சங்கம் இருந்தது. அதற்கு அழகுமலைதான் தலைவர்.

காலையில் ஒரு ஊசி போட்டால் மறுநாள் காலை வரை தாங்கும் இன்சுலின், சங்கத்தின் இலவச மருந்தகத்துக்கு மதுரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியது. தலைவர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"என்னய்யா, அடியில கசடு நிக்குது? கலப்பட லோடை நம்ம தலையில கட்டிட்டானா?"

"கசடு இல்ல முதலாளி, மருந்தே அதான். உள்ளங்கையில வச்சு மெள்ள உருட்டுனா பால் கணக்கா ஒண்ணாயிரும். அப்பறந்தான் போடணும்" என்றார் கம்பவுண்டர் முகைதீன் பிச்சை.

"முப்பது வருசமாக் காய் பாக்குறேன். நல்ல சரக்கையும் கழிவையும் ஒண்ணாக் கலக்கச் சொல்ற மொத ஆளு நீதான்யா!"

உடனே 'தர நிர்ணயக் குழு' அமைக்கப்பட்டது. ஐந்து பேர், மூன்று அமர்வு, ஒன்றரைக் கிலோ அல்வா. ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: "மேற்படி மருந்தின் மேல் பாதி 'முதல் ரகம்', அது சங்க உறுப்பினர்களுக்கு. கீழ்ப் பாதி 'இரண்டாம் ரகம்', அது தொழிலாளர்களுக்கு. பாட்டிலை உருட்டுவது ஒழுங்கீனமாகக் கருதப்படும்." முகைதீன் பிச்சையின் ஆட்சேபணைக்குத் தீர்மானப் புத்தகத்தில் இடம் போதவில்லை.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கருத்தம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது. நல்ல காயும் வெடித்த காயும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. பொறுக்கிய காய்க் குவியலின் மேலேயே சாய்ந்தாள். கம்பவுண்டர் ஓடி வந்தார்.

"கண்ணைத் தொற ஆத்தா! இந்தச் சீனித்தண்ணியை வெரசாக் குடி!"

நாலு மடக்கு உள்ளே போன பிறகே அவளுக்குப் பேச்சு வந்தது. "என்ன பாய் ஆச்சு எனக்கு?"

"அளவு அதேதான் ஆத்தா. ஆனா அடிமருந்து பூராம் ஒனக்கே வந்துருச்சு. ரெண்டு ஆளுக்கான மருந்து ஒருத்தி ஒடம்புல ஏறுனா என்னாகும்? இன்னொரு நாளு இப்பிடி ஆச்சுன்னா நீ எந்திரிக்க மாட்ட."

விசாரணைக் குழு கூடியது. "மேற்படியாள் வேலை நேரத்தில் உறங்கினார்" என்று மிகுந்த கருணையோடு முடிவு செய்து அவளை மன்னித்தது.

அதே வாரம் முதல் ரகத் தெளிவை ஏற்றிக்கொண்ட தலைவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அதைவிட அதிகமாக வெளியேற்றினார். கடைசியில் நாக்கு வறண்டு, நினைவு தப்பி, காரில் மதுரைக்குப் போனார். பத்து நாள் கழித்து, அங்கே டாக்டரிடம் வாங்கிய வசவோடு திரும்பி வந்தார். அவசரக் கூட்டம் கூடியது. கருத்தம்மாள் வாசலில் வந்து நின்றாள். இனி ஊசியைப் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாமா என்பது மட்டுமே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தலைவர் எழுந்தார். "வெள்ளைதான் மருந்தாம்யா. அதனால இன்னைலருந்து கீழ்ப் பாதி முதல் ரகம். மேல் பாதி ரெண்டாம் ரகம்."

கைதட்டல் எழுந்தது. முகைதீன் பிச்சை தலையில் அடித்துக்கொண்டார். அந்த மண்டபத்தில் அதுவரை வாயே திறக்காத கருத்தம்மாள் கேட்டாள்:

"ரெண்டையும் கலக்கணும்னு மதுரை டாக்டர் சொல்லலையா முதலாளி?"

"சொன்னாரு."

"கலக்காட்டி?"

"உசுருக்கு ஆபத்துன்னாரு."

"அப்பறம் ஏன் கலக்க மாட்டேங்கிறீக?"

தலைவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "என்னத்தா கேக்குற நீ? கலந்துட்டா, எது எனக்கு எது ஒனக்குன்னு எப்பிடித் தெரியும்?"

கருத்தம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"என்னோட ஒரே மருந்தைப் போட்டுக்கிறதுக்குச் சாவே தேவலைன்னா, நல்லாச் சாகுங்க முதலாளி. தொணைக்கு என்னை ஏன் கூப்பிடுறீக?"