பின் அச்சின் ஊளை

இந்த முறை லாரிக் கோளாறு பற்றித் தெசங்காவிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் என் வீரமான முடிவு இதுதான். அவள் வாசலில் நிற்பதை மட்டும் கவனிக்கவில்லை.

"மனுஷா, லாரிக்கு அடியில என்ன தேடுற?"

"மோதிரம்."

"விரல்லதான இருக்கு?"

"அப்போ கிடைச்சிருச்சு."

என் லாரி பதின்மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. திங்கட்கிழமை க்ருஷேவாட்ஸ் ஊரைத் தாண்டி எழுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து ஊஊ என்று ஊளை. பின் அச்சின் டிஃபரன்ஷியல் பெட்டி போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். அச்சில் கோளாறு என்றாலே அச்சம்தான். இரண்டு சக்கரமும் இஷ்டத்துக்கு வேறு வேறு வேகத்தில் சுற்ற, நடுவில் விட்டுக்கொடுத்துத் தேய்வது அந்தப் பெட்டியின் வேலை. அம்மாவுக்கும் தெசங்காவுக்கும் நடுவில் அதே வேலை எனக்கு.

அது போனால் லாரி போச்சு. லாரி போனால், மச்சினன் மோம்சிலோவின் பேக்கரியில் புரெக் என்கிற அடுக்குப் பலகாரத்துக்கு மாவு இழுக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் என் அளவில் ஏப்ரனே தைத்து வைத்திருக்கிறான்.

நாலு நாளாகச் சோதனை. ஆக்சிலரேட்டரை மிதித்தேன், ஊளை. காலை எடுத்தேன், ஊளை. நியூட்ரலில் உருட்டினேன், அப்போதும் ஊளை. உள்ளே கியர்ப் பல் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறும். மாறவில்லை என்றால் பேரிங். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். சத்தமே இல்லை. எண்ணெயை இறக்கினேன். எண்ணெயை அடைக்கும் போல்ட்டின் காந்தத்தில் மாவு போலக் கொஞ்சம் இரும்புப் பொடி, ஒரு சில்லுகூட இல்லை. வைத்தியனுக்கே பிடிபடாத நோய் என்றால் சாவுதான் என்று பயந்து போனேன்.

"பினியன் பல்லு தேஞ்சிருச்சான்னு பாக்குறேன்" என்று வாசலில் நின்ற தெசங்காவிடம் கடைசியில் உளறிவிட்டேன்.

"உன் பல்லு ரெண்டு விழுந்து ஆறு மாசமாச்சு. அதுக்கு ஒருநாளாவது இப்படிப் படுத்துப் பாத்தியா?"

"தெசங்கா, விளையாடாத. லாரியே போகப்போகுது."

"சத்தம் எப்ப வருது?"

"எழுபதுல போனா."

"நின்னா?"

"வராது."

"நான் நிறுத்திக் காட்டவா?"

"நீயா?"

"நான்தான். ஆனா இந்த வருஷம் முட்டைக்கோஸ் ஊறப்போடுறது உன் பொறுப்பு. நாப்பது கோஸ். ஒருநாள் விட்டு ஒருநாள் உப்புத்தண்ணிய அடியில இறக்கி மேல ஊத்தணும். லோடு இருக்கு, முதுகு வலின்னு ஓடக்கூடாது."

"நிறுத்திரு, நானூறு கோஸ் போடறேன்."

"சத்தியம்?"

"எங்க வீட்டுப் புனிதர் நிக்கோலா மேல சத்தியம்."

எங்கள் பக்கம் கோர்ட்டில் பொய் சொன்னவன் உண்டு. வீட்டுப் புனிதர் மேல் சத்தியம் பண்ணி மீறியவன் கிடையாது.

அவள் கேபினுக்குப் பின்னால் ஏணியில் ஏறினாள். காற்றுத் தடுப்புத் தகட்டின் மறைவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். வருஷா வருஷம் கோஸ் ஊறப்போடும் எங்கள் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் கீழே இறங்கியது. நாலு நாளும் நான் மேலே நிமிர்ந்தே பார்க்கவில்லை.

எண்ணெயை நிரப்பிக்கொண்டு வண்டியை எடுத்தேன். எழுபது. எண்பது. தொண்ணூறு. பூனை நடப்பதுபோல ஓடியது. சாலையோரம் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின் அச்சை முத்தமிட்டேன். வாயெல்லாம் கிரீஸ். அப்பாடா, லாரி பிழைத்தது. மோம்சிலோவின் ஏப்ரனை மோம்சிலோவே போட்டுக்கொள்ளட்டும். வீட்டுக்கு வரும்வரை பாடிக்கொண்டே வந்தேன்.

முற்றத்தில் நாற்பது கோஸ் குவிந்திருந்தன. உப்பு மூட்டையும் தயார்.

"போன வருஷ நாத்தம் போகட்டும்னு காத்துல கட்டினியாக்கும்?" என்றேன், மனம் நிறைந்த சிரிப்போடு. "அதை மூடி போட்டுக் கட்டியிருக்கலாமே. காத்து பீப்பாய் வாயில அடிச்சுத்தான் ஊளையிட்டிருக்கு. நாலு நாள் செத்துப் பிழைச்சேன்."

தெசங்கா கத்தியை என் கையில் கொடுத்தாள்.

"மூடி போட்டா எப்படி ஊளையிடும், மனுஷா?"